ஆடைக்கலைப் பள்ளியில் சேரும் பிள்ளைக்குப் படைப்பை ஆயத்தம் செய்யும் முறை



துணி வியாபாரம் நம்மவர்க்குப் புதிதன்று. நம் பாட்டன்மார் கைலி மூட்டையுடன் இக்கரைக்கு வந்தனர். நாம் கடை போட்டு அளந்து கொடுத்தோம். இப்போது நம் பிள்ளைகளிற் சிலர் அத்துணியை எவ்வாறு வெட்டலாம், எவ்வாறு உருவாக்கலாம் என்பதையே ஒரு படிப்பாகப் படிக்க விரும்புகின்றனர். மகிழத்தக்க விஷயந்தான். ஆனால் அப்படிப்பில் சேரப் பரீட்சை மதிப்பெண் மட்டும் போதாது. பிள்ளை தானே ஒரு படைப்பைச் செய்து, ஆசிரியர்களின் முன் வைத்து விளக்கவேண்டும். அதற்கு ஆயத்தம் செய்வது எப்படி என்று அண்மையில் சில அன்பர்கள் என் கடைக்கே வந்து கேட்டனர். அவர்களுக்குத் தனித்தனியே சொன்னதை எல்லாருக்கும் பயன்படும்படி இங்கே எழுதுகிறேன்.

நான் பெரிய படிப்பாளி அல்லன். ஊரில் மதரஸாவும் ஆரம்பப் பள்ளியுமே என் கல்வி. அதன்பின் அளவுகோலும் கத்தரிக்கோலுந்தான். ஆயினும் என் மகள் விஷயத்தில் ஒரு முறை தவறி, மறு முறை தேறிய அனுபவம் உண்டு. தவறியது என்னால், தேறியது அவளால். ஆகவே தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் ஆண்டு நடந்தது

மகள் விண்ணப்பம் போட்டதும், பள்ளியிலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. ஓர் ஆடையும், படைப்புகள் அடங்கிய கோப்பும் கொண்டுவரச் சொல்லியிருந்தனர். "நானே தைக்கிறேன் வாப்பா" என்றாள் மகள். அவளுடைய தையல் கோணலாக இருந்தது. நமக்கோ கடைக்கு வேலை செய்யும் தையல் மாஸ்டர் இருக்கிறார், இருபதாண்டு கைப்பழக்கம். நல்ல சாட்டின் துணியாக எடுத்துக் கொடுத்து, பாரிஸ் நகரத்து உடை போன்ற ஒரு படத்தையும் காட்டி, "மாஸ்டர், நம்ம பிள்ளைக்குப் பரீட்சை. குறை சொல்ல முடியாதபடி இருக்கணும்" என்றேன். அவரும் குறை சொல்ல முடியாதபடியே தைத்துத் தந்தார்.

நேர்முகம் முடிந்து வந்தவள் நேரே தன் அறைக்குப் போய்விட்டாள். இரவு அவளுடைய உம்மா கேட்டதன் பிறகுதான் சொன்னாள். "தையலை அவங்க குறையே சொல்லலை. இந்தத் துணியைக் குறுக்காக வெட்டினது ஏன்னு கேட்டாங்க. இதுக்கு முன்னாடி என்னென்ன செஞ்சு பார்த்தேன்னு கேட்டாங்க. நான் என்ன சொல்ல? வெட்டினது நான் இல்லையே."

சாட்டினைக் குறுக்காக வெட்டினால்தான் உடம்போடு வழுக்கிக்கொண்டு விழும். அதை மாஸ்டர் அறிவார், நானும் அறிவேன். அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. இடம் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு போயிற்று. "துணிக்கடைக்காரன் மகளுக்கு இந்தப் படிப்பு எதுக்கு" என்று உறவினர் சொன்னதைவிட, மகள் என்னோடு பல நாள் பேசாமலிருந்ததே எனக்கு வலித்தது. அவள் கேட்டது தானே தைக்கும் அனுமதி ஒன்றுதான். அதை நான் பிடுங்கிக்கொண்டேன்.

பிற்பாடு யோசித்தபோது விஷயம் விளங்கிற்று. ஒரு கூட்டாளி நம்மிடம் வந்து ஐந்தொகையை மட்டும் காட்டி, "இவ்வளவு இலாபம்" என்றால் நாம் நம்புவோமா? "நாள்வழி எங்கே, பேரேடு எங்கே" என்றுதானே கேட்போம்? அந்த ஆசிரியர்கள் கேட்டதும் அதையேதான். அழகாக முடிந்த ஆடை ஐந்தொகை. அதற்குப் பின்னால் இருக்கவேண்டிய நாள்வழி எங்களிடம் ஒரு வரிகூட இல்லை. இக்கட்டுரையில் நான் சொல்ல வந்ததன் சாரம் இதுவே. மற்றவை எல்லாம் இதன் விரிவு.

பள்ளிகள் கேட்பது என்ன?

முதலில் பள்ளிகளைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். சிங்கப்பூரில் நன்யாங் நுண்கலைக் கழகம் 1938-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. லாசால் கலைக் கல்லூரியை 1984-ஆம் ஆண்டு பிரதர் ஜோசப் மெக்நாலி நிறுவினார். 2024-ஆம் ஆண்டில் இவ்விரண்டும் சேர்ந்த சிங்கப்பூர் கலைப் பல்கலைக்கழகம் தொடங்கிற்று. ஒன்று பென்கூலன் தெருவில், மற்றொன்று மெக்நாலி தெருவில். அரபுத் தெருவிலுள்ள துணிக்கடைகளிலிருந்து இரண்டுக்கும் நடந்தே போய்விடலாம். இத்தனை அருகிலிருந்தும் நம்மில் பலர் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. மாணவர்களின் படைப்புகளைக் கண்காட்சியாக வைக்கும்போது பிள்ளையுடன் போய்ப் பார்த்து வருவது முதற்பாடம்.

இத்தகைய பள்ளிகள் படைப்புக் கோப்பும் நேர்முகமும் கேட்கும். பலதொழிற் கல்லூரிகளிலும், பரீட்சை முடிவு வருவதற்கு முன்பே பிள்ளையின் ஆர்வத்தையும் கைத்திறனையும் பார்த்து இடம் தரும் முன்சேர்க்கை முறை 2016-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. வெளிநாட்டில் முறைகள் வேறுபடும். நியூயார்க்கில் 1896-ஆம் ஆண்டு தொடங்கிய பார்சன்ஸ் பள்ளி, கோப்பிலுள்ள ஒரு படைப்பின் கருத்திலிருந்து புதிதாக ஒன்றைச் செய்து, அந்த எண்ணம் வளர்ந்த விதத்தைச் சிறு கட்டுரையாக எழுதும்படி பல ஆண்டுகள் கேட்டு வந்தது. இந்தியாவில் 1986-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட நிஃப்ட் நிறுவனத்தில், எழுத்துத் தேர்வில் தேறியவருக்கு ஒரு செய்முறைத் தேர்வும் உண்டு. அங்கேயே தரப்படும் சில சாமான்களைக் கொண்டு, சொல்லப்பட்ட பொருளுக்கேற்ப, குறித்த நேரத்துக்குள் ஓர் உருவம் செய்துகாட்டவேண்டும். அங்கே தகப்பனும் இல்லை, மாஸ்டரும் இல்லை.

முறைகள் வெவ்வேறாயினும் எல்லாவற்றின் நோக்கமும் ஒன்றே. இப்பிள்ளை கண்ணால் பார்க்குமா, கேள்வி கேட்குமா, கையால் முயலுமா, தவறினால் திருத்திக்கொள்ளுமா என்று அறிவதே அந்நோக்கம். நன்றாகத் தைக்கத் தெரிந்துவிட்டால் பிறகு பள்ளி எதற்கு? தையலைக் கற்றுக்கொடுக்க அவர்களால் முடியும். பார்க்கும் பழக்கம் பிள்ளையிடம் ஓரளவாவது இருந்துதான் ஆகவேண்டும்.

ஓர் எச்சரிக்கை. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். எத்தனை படைப்பு, எந்தத் தேதி, தாளிலா கணினியிலா என்பவற்றை அவ்வாண்டின் அறிவிப்பைப் பார்த்தே முடிவு செய்க. சென்ற ஆண்டு சேர்ந்த பிள்ளை சொன்னதை வைத்து நடக்கவேண்டாம்.

கருவைத் தேர்ந்தெடுத்தல்

பிள்ளைகள் பெரும்பாலும் தூரத்துப் பொருளையே தேடுகின்றனர். பாரிஸ், விண்வெளி, கடலடி என்று எழுதிவிட்டுப் பிறர் எடுத்த படங்களை ஒட்டுகின்றனர். போய்ப் பார்க்க முடியாத பொருளைப் பற்றி எவ்வளவுதான் கேள்வி கேட்க முடியும்? கைக்கெட்டும் பொருளே நல்ல கரு. தொட்டுப் பார்க்கலாம், அளக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், அதனோடு வாழ்ந்தவரிடம் போய்க் கேட்கலாம்.

பழகிய பொருள் மட்டமானது என்று நினைக்கவேண்டாம். 1968-ஆம் ஆண்டு மலேசியா-சிங்கப்பூர் விமானக் கம்பெனிக்குச் சீருடை அமைக்க வந்தவர் பியேர் பல்மேன் என்னும் பாரிஸ் நகரத்து வடிவமைப்பாளர். அவர் எடுத்துக்கொண்டது இங்குள்ள சாரோங் கெபாயாவைத்தான். அதனைக் கூர்ந்து பார்த்து, வெட்டைத் திருத்தி, பாத்திக் துணியில் அமைத்தார். 1972-ஆம் ஆண்டு பிரிந்து தனியான சிங்கப்பூர் ஏர்லைன்சும் அதையே வைத்துக்கொண்டது. பாரிசிலிருந்து வந்தவருக்கே நம் தெருவில் நடமாடும் உடை போதுமாயிருந்தது.

என் மகள் அந்த வீணான ஆண்டில் கடையில் வந்து நின்றாள். கைலி மடித்து வைப்பதும் வாடிக்கைக்காரருக்கு விரித்துக் காட்டுவதும் அவள் வேலை. ஒரு நாள் கேட்டாள்: "வாப்பா, சட்டைக்கு எஸ், எம், எல்னு அளவு கேக்குறாங்க. கைலிக்கு ஏன் ஒருத்தரும் அளவு கேக்குறதில்லை?"

முப்பதாண்டாகக் கைலி விற்கிறேன். இக்கேள்வி எனக்குத் தோன்றியதில்லை. சுமார் இரண்டு மீட்டர்த் துணி, இரு முனையும் சேர்த்து ஒரே தையல். வெட்டு இல்லை, கழிவு இல்லை. ஒல்லியானவர் கூடுதலாக மடிக்கிறார், பருத்தவர் குறைவாக மடிக்கிறார். தைத்த உடைக்குத் துணி வெட்டும்போது ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பங்கு கழிவாகப் போகிறது என்று இத்துறையினர் மதிப்பிடுகின்றனர். கைலியில் அது சுழி. அப்படியானால் ஒரு கைலியைக் கொண்டு, துண்டு ஒன்றும் எறியாமல், எவரும் அணியக்கூடிய ஒரு மேலாடை செய்ய முடியுமா? இதுவே அவளுடைய படைப்பின் கரு ஆயிற்று.

கவனியுங்கள். "கைலி" என்பது வெறும் தலைப்பு. "ஒரு கைலியை வீணாக்காமல் மேலாடை ஆக்கலாமா?" என்பது கேள்வி. தலைப்பை வைத்துக்கொண்டு படந்தான் ஒட்டலாம். கேள்வி இருந்தால் வேலை தொடங்கும்.

நாள்வழி எழுதுதல்

கேள்வி கிடைத்த அன்றே ஒரு தடித்த வரைவேடு வாங்கிக் கொடுங்கள். நாம் நாள்வழி எழுதுவது போலவே அதில் தேதியிட்டு எழுதிவர வேண்டும். பார்த்தது, கேட்டது, அளந்தது, வரைந்தது, தோன்றியது எல்லாம் அதில் ஏறவேண்டும். துணித் துண்டுகளையும் அதிலேயே ஒட்டி, பருத்தியா, கலப்பா, நனைத்தால் எவ்வளவு சுருங்கிற்று, சாயம் விட்டதா என்று பக்கத்தில் குறிக்கவேண்டும். துணிக்கடைப் பிள்ளைக்கு இது மற்றவருக்கு இல்லாத வசதியாகும். பிறர் புத்தகத்தில் பார்ப்பதை நம் பிள்ளை விரலால் தடவி அறிகிறது.

என் மகள் முதலில் போனது என் தாயாரிடம். அவர் கடையநல்லூரில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதில் தறிக்குப் பக்கத்திலிருந்து தார் சுற்றிக் கொடுத்தவர். கட்டம் என்பது மேலே அச்சடிப்பதன்று என்று அவர் விளக்கினார். பாவில் நிறநூல்களை எந்த வரிசையில் ஓட்டுகிறோமோ, அதே வரிசையில் ஊடையிலும் நெய்தால்தான் சதுரக் கட்டம் விழும். பேத்தி அதைக் கேட்டு நிறவரிசையை நூல் நூலாக எண்ணி எழுதினாள். எங்கள் வீட்டில் இவ்வளவு காலம் ஒருவரும் கேட்டிராத கதைகளும் அப்போதுதான் வெளிவந்தன.

பிறகு நூலகத்துக்குப் போனாள். மலாய் மக்கள் கட்டம் போட்ட கைலியை "காயின் பெலேகாட்" என்பது நாம் அறிந்ததே. சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டின் பெயரே அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டச்சுக்காரர் 1613-ஆம் ஆண்டு கோட்டை கட்டிய துறைமுகம் அது. அங்கிருந்து துணி கப்பலேறிற்று. இதே வகைச் சென்னைக் கட்டத்துணி ஆப்பிரிக்காவுக்கும் போயிற்று. நைஜீரியாவில் கலபாரி இனத்துப் பெண்கள் அத்துணியில் சில நூல்களை மட்டும் நுட்பமாக அறுத்து உருவி, புதிய கோலம் வரவழைக்கின்றனர். "பெலெட்டே பிட்டே", அதாவது நூலறுத்த துணி, என்று அதற்குப் பெயர். தறியே இல்லாமல் ஒரு பழந்துணியைப் புதுத்துணியாக்கும் வித்தை அது. மகள் இதைப் படித்துவிட்டு, கடையிற் கிடந்த ஒரு துண்டில் தானும் நூலறுத்துப் பார்த்து, அதையும் ஏட்டில் ஒட்டினாள்.

இவ்வாறு ஆராய்வதில் ஒரு விதி வேண்டும். எங்கிருந்து எடுத்தது என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும். சரக்கு வந்த இடம் தெரியாமல் பேரேட்டில் ஏற்றலாமா?

காடாத் துணியில் ஒத்திகை

நல்ல துணியில் எடுத்தவுடன் கத்தரி வைக்கலாகாது. முதலில் தாளில் சிறு அளவில் மடித்துப் பார்க்கவேண்டும். பிறகு மலிவான காடாத் துணியில் முழு அளவில் வெட்டி, ஊசி குத்தி, ஓர் ஆள்மேல் போட்டுப் பார்க்கவேண்டும். அதற்கு முன்புறம், பின்புறம், பக்கவாட்டு எனப் படமெடுத்து ஏட்டில் ஒட்டவேண்டும்.

மகள் காடாவில் மூன்று முறை செய்தாள். முதலாவதில் கழுத்துக்கு நேரே கீறி மாட்டினாள். கை தூக்க முடியவில்லை, அக்குளில் இழுத்தது. அவ்விடத்தில் அவளுக்குக் கைகொடுத்தது மலாய்க்காரரின் பாஜு கூரோங். அதன் பழைய வெட்டில் உடல், கை எல்லாம் நேர்த்துண்டுகள். பக்கத்தில் "பெசாக்" என்னும் துண்டும், அக்குளில் "கெக்கெக்" என்னும் சிறு சதுரத் துண்டும் வைத்துத் தைப்பர். அந்தச் சதுரம் இருப்பதால்தான் கை தாராளமாக உயர்கிறது. பக்கத்துக் கடையில் பாஜு கூரோங் தைக்கும் மூதாட்டியிடம் போய் அதைக் கற்றுவந்தாள். கழுத்துக்காக வெட்டியெடுத்த துண்டையே அக்குளுக்கு வைத்துவிட்டால் எறிய ஒன்றும் மிஞ்சாது என்று அவளுக்குத் தோன்றியது இரண்டாம் ஒத்திகையில். அது சிறிதாகப் போய்விட்டது. மூன்றாவதில் சரிவந்தது.

அந்த முதல் இரண்டையும் எறிந்துவிடலாம் என்றேன். "அதுதான் வாப்பா முக்கியம்" என்று மடித்து வைத்துக்கொண்டாள். அப்போதுதான் நானும் ஒரு பாடம் கற்றேன். தவறிய ஒத்திகை நட்டக் கணக்கன்று. பிள்ளை எதைக் கண்டு எதைத் திருத்திற்று என்பதற்கு அதுவே சாட்சி. கோப்பிலும் அதற்கு இடம் உண்டு.

கடைசியில் கைலியிலேயே வெட்டியபோது வேறொரு சங்கடம் வந்தது. கட்டத்துணியைத் தைத்தால் தையலில் கட்டத்தோடு கட்டம் ஒட்டவேண்டும். அதனால்தான் கட்டத்துணிக்குக் கூடுதல் துணி எடுக்கச் சொல்கிறோம். ஆனால் துண்டு எறியக்கூடாது என்பது அவள் தனக்குத் தானே வைத்துக்கொண்ட விதி. இரண்டும் ஒன்றுக்கொன்று இடித்தன. முன்புறத்தில் கட்டத்தை ஒட்டவைத்தாள், தோளில் விட்டுவிட்டாள். மாஸ்டர் பார்த்து முகம் சுளித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அது எனக்கு எளிதாக இருக்கவில்லை.

கோப்பை அடுக்குதல்

போர்ட்போலியோ என்று சொல்லப்படும் படைப்புக் கோப்பைக் கடையின் கண்ணாடிப் பெட்டி போல அடுக்கவேண்டும். இருக்கும் சரக்கையெல்லாம் கண்ணாடியில் திணித்தால் ஒன்றும் கண்ணில் படாது. பள்ளி சொன்ன எண்ணிக்கைக்கு மேல் ஒன்றும் வைக்கவேண்டாம். மிகச் சிறந்ததை முதலிலும், அதற்கடுத்ததைக் கடைசியிலும் வைப்பது நலம். நடுவில் ஒரு படைப்பையாவது கேள்வியிலிருந்து முடிவு வரை முழுமையாகக் காட்டவேண்டும். ஆடை மட்டுமே வேண்டும் என்பதில்லை. உயிருள்ள ஆளைப் பார்த்து வரைந்த படங்கள், கை, பாதம், மடிந்து கிடக்கும் துணி ஆகியவற்றின் சித்திரங்கள், சாயம் போட்ட மாதிரிகள் ஆகியவையும் பிள்ளையின் கண்ணைக் காட்டும். நிழற்படத்தைப் பார்த்து அப்படியே நகலெடுத்த நடிகர் படங்களை விலக்குக.

ஆடையைப் படமெடுக்கும்போது பகல் வெளிச்சத்தில், வெறுஞ்சுவரின் முன் எடுக்கவேண்டும். தையலின் உட்புறத்தையும் ஒரு படம் எடுத்து வைக்கலாம். ஒவ்வொரு பக்கத்திலும் என்ன பொருள், என்ன அளவு, எந்த மாதம் என்று ஒரு வரி போதும். பக்கத்தைச் சுற்றிப் பூக்கொடி வேண்டாம். கணினி வழியாக அனுப்புவதாயின் பள்ளி சொன்ன அளவுக்குள் கோப்பைச் சுருக்கி, கைப்பேசியிலும் திறந்து பார்த்துவிட்டு அனுப்பவேண்டும். கடைசி நாள் இரவு வரை காத்திருப்பது வியாபாரிக்கு அழகன்று.

இக்காலத்தில் ஒரு வாக்கியம் சொன்னால் கணினியே படம் வரைந்து தந்துவிடுகிறது. பள்ளி அனுமதிக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். அனுமதித்தாலும் எதற்குப் பயன்படுத்தினோம் என்று வெளிப்படையாக எழுதவேண்டும். என் மாஸ்டர் தைத்த சாட்டின் உடைக்கும் கணினி வரைந்த படத்துக்கும் நேர்முகத்தில் ஒரே கதிதான்.

எதிரே அமர்ந்து பேசுதல்

நம் பிள்ளைகள் வீட்டில் நன்றாகப் பேசுவர். அந்நியர் முன் குரல் அடைத்துப் போகும். ஆகையால் பழக்கம் வேண்டும். மனப்பாடம் கூடாது, நடுவில் ஒரு கேள்வி வந்தால் பாடம் அறுந்துபோகும். ஆறு படிகளை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். நான் எதைக் கண்டேன்? என்ன கேள்வி எழுந்தது? யாரிடம், எங்கே தேடினேன்? என்னென்ன முயன்றேன்? எது தவறியது, எப்படித் திருத்தினேன்? இன்னும் நேரமிருந்தால் என்ன செய்வேன்? இவ்வாறினையும் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடலாம்.

கடை அடைத்த பின் மகளை மேசைக்கு அப்பால் உட்காரவைத்து, நாங்கள் மூவர் எதிரில் அமர்ந்து கேள்வி கேட்டோம். நான், அவளுடைய உம்மா, மாஸ்டர். கேட்ட கேள்விகளிற் சில வருமாறு: இந்தத் துணி ஏன், வேறு துணி ஏன் கூடாது? இதை யார் உடுப்பார்? இதில் உனக்குப் பிடிக்காத பகுதி எது? யாருடைய வேலையைப் பார்த்துக் கற்றாய்? எதற்காக இந்தப் பள்ளிக்கு வருகிறாய்? துவைத்தால் என்ன ஆகும்? கடைசிக் கேள்வி மாஸ்டருடையது. அதற்கு அவளிடம் விடையில்லை. அன்றிரவே துவைத்துப் பார்த்தாள்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழக்கவேண்டும். பிறர் உதவியதையும் சொல்லவேண்டும். "மிஷினில் நூல் மாட்ட மாஸ்டர் சொல்லித் தந்தார், இந்தச் சதுரத்தைப் பக்கத்துக் கடைப் பாட்டியிடம் கற்றேன்" என்று சொன்னால் மதிப்புக் குறையாது. மற்றது தன் கைவேலை என்பதற்கு அச்சொல்லே பலம்.

தகப்பன் செய்யத்தக்கதும் தகாததும்

நாம் துணி தரலாம், மிஷின் தரலாம், மேசையில் இடம் தரலாம், நேரம் தரலாம். கேள்வி கேட்கலாம். கத்தரியைக் கையில் வாங்கக்கூடாது. விலையுயர்ந்த துணியும் தேவையில்லை. காடாவும் கழித்துவைத்த கைலியும் போதும்.

கைத்தொழில் கற்பதை இழிவாகவும் எண்ணவேண்டாம். அலெக்சாண்டர் மெக்குவீன் என்னும் பேர்பெற்ற வடிவமைப்பாளர் லண்டனில் ஒரு டாக்சி ஓட்டுநரின் மகன். பதினாறு வயதில் பள்ளியை விட்டு, சாவில் ரோ தையற்கடையில் வேலை பழகினார். பிறகு சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரிக்கு வேலை கேட்டுப் போனவரை, அங்கே மாணவராகவே சேர்த்துக்கொண்டனர். 1992-ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். கட்டணத்துக்கு உதவியவர் அவருடைய அத்தை. கடையில் கற்ற வெட்டும் தையலும் அவருக்குத் தடையாயிருக்கவில்லை; அவையே அவருக்கு முதலாயின.

மறு ஆண்டு

மறு ஆண்டு நேர்முகத்துக்கு மகள் கொண்டுபோனது ஒரு கைலி மேலாடை, இரண்டு காடா ஒத்திகைகள், அழுக்கேறித் தடித்துப் போன வரைவேடு. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அன்று அவர்கள் கேட்ட முதற்கேள்வியே, தோளில் கட்டம் ஏன் ஒட்டவில்லை என்பதாம். ஏட்டைத் திருப்பி, தோளில் ஒட்டவைத்தால் ஒரு சாண் துணி கழிவாகும் என்று வரைந்து பார்த்த பக்கத்தைக் காட்டினாளாம். "முன்புறம் கண் போகும் இடம், அதனால் அங்கே ஒட்டவைத்தேன். தோளில் என் விதிக்காக விட்டேன். ஆனாலும் அது என் கண்ணை இன்னும் உறுத்துகிறது" என்று சொன்னாளாம். ஐந்து நிமிஷம் என்று சொன்ன பேச்சு அரைமணிக்கு மேல் போயிற்று. சில வாரங்களில் இடம் கிடைத்த கடிதம் வந்தது.

ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் முறையிலோ இரண்டாம் முறையிலோ இடம் கிடைத்துவிடும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. நாள்வழி எழுதிய பிள்ளை, கிடைக்காவிட்டாலும் தான் எங்கே நிற்கிறோம் என்பதை அறிந்திருக்கும். அடுத்த முறை அதே ஏட்டின் மறுபக்கத்திலிருந்து தொடங்கலாம். பிறர் தைத்ததைக் கொண்டுபோன பிள்ளைக்குத் திரும்பிப் பார்க்க ஒன்றும் இராது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் கடைகளில் நாள்தோறும் துண்டுத்துணி மிஞ்சுகிறது. அரை மீட்டர், கால் மீட்டர், முனை கிழிந்தது, சாயம் மங்கியது. அவற்றை ஒரு பெட்டியில் போட்டுக் கடை வாசலில் வையுங்கள். ஆடைக்கலை படிக்க விரும்பும் பிள்ளை எந்த வீட்டிலிருந்து வந்தாலும் எடுத்துப் போகட்டும். எதற்கென்று மட்டும் கேளுங்கள். அந்தப் பிள்ளைக்கு அது முதல் நேர்முகமாக இருக்கட்டும்.